நாலுக்கு ஏழு: மலைநாடு கண்ட வல்லரசுக் கணக்கு

அட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, டிக்கோயாவைக் கடந்து நோர்வூட்டுக்குச் செல்லும் பஸ் வண்டியில் ஏறினால், காசல்றீ நீர்த்தேக்கம் நெடுநேரம் கூடவே வரும். மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் நாம் அவ்வழியே சென்று, பாதையோரத் தோட்டம் ஒன்றில் இறங்கினோம். கீழே தகரக் கூரையிட்ட பழைய லயம். அதற்கு மேற்புறத்தில், மண் வெட்டிய தழும்பு இன்னும் ஆறாத சரிவில், புதிதாய் எழுந்த தனித்தனி வீடுகள். அவற்றுள் ஒன்றின் முன்னே கட்டியிருந்த கயிற்றில் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

வீடு இந்திய அரசாங்கத்தின் நன்கொடை. சீருடைத் துணியோ சீன அரசாங்கத்தின் நன்கொடை. இலங்கை மாணவர்க்கு வேண்டிய சீருடைத் துணியில் 70 வீதத்தைச் சீனா 2023ஆம் ஆண்டில் அன்பளிப்பாக அனுப்பியது. 2025ஆம் ஆண்டுக்கு வேண்டியது முழுவதையும் அதுவே தந்தது. அவ்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தூக்கிச் செல்லும் டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடமும் இந்தியப் பணத்தில் எழுந்ததே.

ஆசியாக் கண்டத்தின் இரு பெரும் நாடுகள் ஒரு கொழுந்துக்காரியின் வாசலில் வந்து நிற்கின்றன. அவள் வாசலில் அவற்றுக்கு என்ன அலுவல்? பாடசாலை மாணவர்கள் சர்வதேச அரசியல் என்று படிப்பதெல்லாம் நியூயோர்க்கிலும் மொஸ்கோவிலும் நடப்பது என்றே எண்ணியிருப்பார்கள். அதன் ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் தலவாக்கலைக்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுந்தோம்.

போட்டியும் கொடையும்

பெரிய நாடு ஒன்று தன்னிலும் வறிய நாட்டுக்கு உதவும்போது, அதன் ஒரு கண் உதவி பெறுவோன்மேல் இருக்கும். மற்றக் கண் தன் எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எகிப்து தேசத்து அஸ்வான் அணையை அறியாதவர் இலர். அதற்குப் பணம் தருவதாகச் சொன்ன அமெரிக்கா 1956ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பின்வாங்கிற்று. சோவியத் ரஷ்யா முன்வந்து நின்றது. நைல் நதி அப்படியேதான் ஓடிற்று. மாறியது வல்லரசுகளின் கணக்கு மட்டுமே.

ஏற்கெனவே பெரியதாகிவிட்ட நாடுகளைக் காட்டிலும், பெரியதாக எழுந்து வருகின்ற நாட்டின் நிலைமை இன்னும் சிக்கலானது. அதற்குப் பெருமையும் வேண்டும், அயலாரின் நட்பும் வேண்டும். ஆனால் பெட்டியில் பணம் குறைவு. சுதந்திரம் பெற்ற நாள் தொட்டு இந்தியா இருந்தது இந்நிலையில்தான். அதன் அயலிலே இலங்கை. இலங்கையின் நடுவிலே, காடு வெட்டிக் கோப்பிக்கும் தேயிலைக்கும் நிலம் திருத்திய தமிழ் மக்கள். அம்மக்களை இந்தியா நடத்திய விதத்தை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அந்தந்தக் காலத்தில் அது யாரைக் கண்டு அஞ்சிற்று என்பதும் கூடவே தெரியவரும் என்பது நமது துணிபு.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் நாடற்றோராயினர். மறு வருடத்துத் தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையையும் இழந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர்; நுவரெலியாத் தொகுதியில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களுள் ஒருவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது அத்தொகுதிகளில் தோட்டத்து வாக்காளர் பெயர்கள் இடாப்பிலேயே இல்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 825,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ ஏறத்தாழ 134,000 பேருக்கு மட்டுமே. பிறப்புப் பத்திரம் எங்கே, இடைவிடாது குடியிருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டால், பெரட்டுக்களத்தில் பேர் பதிந்ததைத் தவிர வேறு பதிவறியாத மக்கள் எதைக் கொண்டுவந்து காட்டுவர்?

நேரு உறுதியாய் நின்ற காலம்

இவர்களைப் பற்றி ஜவஹர்லால் நேருவின் கொள்கை தெளிவானது. இலங்கையில் பிறந்து இலங்கைக்கு உழைப்போர் இலங்கையின் பொறுப்பு. தாமாக விரும்பி இந்தியப் பிரஜையாகப் பதிவோர் மட்டுமே இந்தியாவின் பொறுப்பு. இலங்கைப் பிரஜையாக ஏற்கப்படாதவரெல்லாம் தாமாகவே இந்தியர் என்று கொழும்பு வாதித்தது. டில்லி அதனை ஏற்கவில்லை. 1954ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நேருவுக்கும் சேர் ஜோன் கொத்தலாவலைக்கும் இடையே ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டும் இந்த முடிச்சு அவிழவில்லை.

அந்த வருடத்தைச் சற்று நின்று பார்த்தல் நன்று. ஏப்ரல் 28ஆந் திகதி இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேஷியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதம மந்திரிகள் கொழும்பிலே கூடினர். மாநாடு கண்டியில் வைத்து முடிவுற்றது. அவர்கள் கூடியிருந்த வேளையிலேயே, ஏப்ரல் 29ஆந் திகதி, பீக்கிங் நகரில் இந்தியாவும் சீனாவும் பஞ்சசீலக் கொள்கை அடங்கிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. வடக்கே இமயத்தில் பயமில்லை. ஆசியாவெங்கும் நேருவின் சொல்லுக்கு மதிப்பு. அப்படிப்பட்ட இந்தியாவுக்கு ஒரு சின்னஞ்சிறு தீவின் மனத்தைக் குளிர்விக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தோட்டத் தமிழர் விஷயத்தில் நேரு விட்டுக்கொடாமைக்குக் கொள்கை ஒரு காரணமென்றால், இவ்வசதியும் ஒரு காரணமே.

இதற்கிடையில் இலங்கையும் வல்லரசுகளுக்கு நடுவே நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டில் அரிசிக்குப் பெருந் தட்டுப்பாடு. கொரிய யுத்தத்தில் உச்சிக்குப் போன இறப்பர் விலை கீழே விழுந்துவிட்டது. சீனாவுக்கு இறப்பர் விற்கலாகாது என்பது அமெரிக்காவின் கட்டளை. ஆனால் இறப்பருக்கு நல்ல விலை தரவோ, அரிசியைச் சலுகை விலைக்குத் தரவோ அமெரிக்கா இசையவில்லை. அவ்வருடம் டிசெம்பர் மாதத்தில் வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்று ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தார். வருடந்தோறும் 50,000 தொன் இறப்பர் போகும். 270,000 தொன் அரிசி வரும். கம்யூனிஸ்டு என்ற சொல்லையே வெறுத்த டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் இதைச் செய்தது என்பதுதான் வேடிக்கை. வயிற்றுக்கு எந்தக் கட்சியும் கிடையாது போலும்! தோட்டத்துக் கூப்பன் கடைகளில் அளந்த அரிசியில் சீனத்து அரிசியும் கலந்தது இவ்வாறே.

இந்த இறப்பர் அரிசி ஒப்பந்தத்தை இலங்கையின் சாமர்த்தியம் என்று நாம் மெச்சுவதில் தவறில்லை. பெரியவர் இருவர் பகைத்து நின்றால், நடுவில் நிற்கும் சிறியவன் சில காரியங்களைச் சாதித்துக்கொள்ளலாம். ஆனால் அச்சிறியவனின் வீட்டுக்குள்ளே அவனிலும் சிறியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பாடு என்ன? அதற்கு விடை பத்து ஆண்டுகளின் பின்னர் வந்தது.

இமயத்து யுத்தமும் கொழும்பு மாநாடும்

1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி சீனப் படைகள் இமய எல்லையில் இந்தியாவைத் தாக்கின. ஒரு மாதத்தின் பின் சீனா தானாகவே போரை நிறுத்திற்று. இந்தியா அடைந்த தோல்வியின் வேதனை இராணுவத்தோடு நிற்கவில்லை. அணிசேரா நாடுகளின் தலைமகன் என்று தன்னை எண்ணியிருந்த தேசத்துக்கு, அந்நாடுகளிற் பெரும்பாலானவை தன் பக்கம் நின்று சீனாவைக் கண்டிக்கவில்லை என்பதே ஆறாத புண்ணாயிற்று.

இலங்கையும் கண்டிக்கவில்லை. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையார் டிசெம்பர் 10ஆந் திகதி பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேஷியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய நாடுகளைக் கொழும்புக்கு அழைத்துச் சமாதான மாநாடு நடத்தினார். பின்னர், புத்தாண்டை ஒட்டிப் பீக்கிங்குக்கும் டில்லிக்கும் நேரிற் சென்றார். கொழும்பு மாநாட்டின் யோசனைகளை இந்தியா முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்பதாகச் சொல்லி இழுத்தடித்தது. பலன் எதுவாயினும் ஆகுக. ஒரு சிறு தீவின் பெண் பிரதமர் இரு பெரும் நாடுகளுக்கு நடுவே தூது சென்றார் என்பது உலகறிந்த சங்கதியாயிற்று.

அதன்பின் இரு வருடங்களில் நடந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பார்த்தால் டில்லியின் மனக்கலக்கம் விளங்கும். 1963 பெப்ரவரியில், எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை இலங்கை எடுத்துக்கொண்ட கோபத்தால் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. மார்ச்சில் பாகிஸ்தானும் சீனாவும் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டன. ஜூலையில் இலங்கையும் சீனாவும் கப்பற் போக்குவரத்து உடன்படிக்கை செய்தன. 1964 பெப்ரவரியில் சீனப் பிரதமர் சூ என்லாய் கொழும்புக்கு வந்தார். பர்மாவிலோ, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டு, அங்கிருந்த இந்தியர் வெறுங்கையோடு கப்பலேறிக்கொண்டிருந்தனர். மே 27ஆந் திகதி நேரு மறைந்தார். ஒக்டோபர் 16ஆந் திகதி சீனா தன் முதலாவது அணுகுண்டை வெடித்தது.

அடுத்த வாரத்தில் ஸ்ரீமாவோ அம்மையார் டில்லி சென்றார். புதிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியோடு பேச்சு நடந்தது. ஒக்டோபர் 30ஆந் திகதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

நாலும் ஏழும்

அக்கணக்கு வருமாறு. நாடற்றவர் தொகை 975,000 என்று கொள்ளப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். இவையெல்லாம் 15 ஆண்டுகளில் முடிய வேண்டும். ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்ற விகிதத்தில் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

பாடசாலையில் விகிதசமக் கணக்குப் பயிலும் மாணவர்கள் இதனை ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுவர். ஆனால் ஒரு லயத்திலே பதினொரு பேர் இருந்தால், எந்த நால்வர், எந்த எழுவர் என்பதை எந்தக் கணிதம் சொல்லும்? பத்து வருடங்களுக்கு முன்னே நேரு ஒருபோதும் ஏற்க மாட்டேன் என்ற ஒன்றை, அவர் மறைந்து ஏறத்தாழ ஐந்து மாதங்களில் இந்தியா ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தமாகும் மக்களின் விருப்பம் யாது என்று எவரும் லயத்து வாசலில் வந்து கேட்கவில்லை.

சீனத்துக் குண்டுதான் சாஸ்திரியின் பேனாவைப் பிடித்து எழுதிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. சாஸ்திரி சமாதானப் பிரியர். அயலாரோடு பழைய வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இயல்பாகவே இருந்தது. இலங்கையிலும் இவ்விஷயத்தைத் தீர்த்தாக வேண்டும் என்ற அரசியல் நெருக்கடி இருந்தது. எனினும், வடக்கே தோற்று, மேற்கே பாகிஸ்தானும் சீனாவும் கைகோத்து நிற்கக் கண்ட ஒரு நாடு, தெற்கேயுள்ள தீவும் கைநழுவிப் போகலாகாது என்று அஞ்சிற்று. அந்த அச்சத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவ்விலையைச் சாஸ்திரியோ ஸ்ரீமாவோ அம்மையாரோ கொடுக்கவில்லை.

விண்ணப்பம் கோரியபோது நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 300,000 இடங்களுக்கு, இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டும் என்று கேட்டோர் அதன் இரு மடங்குக்கும் அதிகம். 525,000 இடங்கள் இருந்தும் இந்தியா செல்ல விரும்பியோர் அத்தொகையை எட்டவில்லை. ஊர் எது என்று அம்மக்களைக் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி தேவையில்லை. மனத்தை மாற்றியது பசி. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்திற்று. பட்டினியால் மாண்டவரும் உண்டு. தோட்டங்கள் அரசுடைமையானபோது வேலையிழந்தோரும் பலர். போய்விடுவோம் என்று அப்போது முடிவு செய்தவர்களே மிகுதி.

அந்தப் பயணத்தை நேரிற் கண்ட முதியோர் மலைநாட்டில் இன்னும் இருக்கின்றனர். புறப்படும் குடும்பத்தார் லயத்துக்கு லயம் சென்று ‘பயணம் சொல்லி’ வருவர். தகரப் பெட்டியும் தலையணை மூட்டையும் அட்டன் நிலையத்து மேடையில் குவிந்திருக்கும். வண்டி நகரும்போது எழும் ஓலத்தைக் கேட்டு, அதற்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பல்; அக்கரையில் மண்டபம் முகாம். நீலகிரியில், கோத்தகிரி கூடலூர்ப் பக்கங்களில், இவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டம் உண்டாக்கிற்று. இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே போய்ச் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

எஞ்சிய 150,000 பேர் கதை 1974ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்தது. இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் ஆளுக்குப் பாதியாக, 75,000 பேர் வீதம், பங்கிட்டுக்கொண்டனர். அவ்வருடம் ஜூன் மாதத்திலேயே கச்சதீவு இலங்கைக்கென்று ஏற்கப்பட்டது. இதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1971ஆம் ஆண்டில், இந்திய வான்வழி மூடப்பட்டதால், பாகிஸ்தானிய விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிழக்குப் பாகிஸ்தானுக்குப் பறந்தன. பங்களாதேஷ் யுத்தத்தில் வென்ற இந்தியாவுக்கும் அந்தக் காட்சி மறக்கவில்லை. கொழும்பிலோ, 1973ஆம் ஆண்டில், சீனா கட்டித் தந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் கம்பீரமாக எழுந்து நின்றது.

யுத்தம் மூண்டு 1984ஆம் ஆண்டில் கப்பல் நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டனர். இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரவர் இங்கேயே தங்கிப்போயினர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும் இறுதியாக 2003ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியோரை இலங்கைப் பிரஜைகளாக்கின. 1948இல் போட்ட முடிச்சு அவிழ 55 வருடங்கள் சென்றன.

நோர்வூட் மைதானத்தில்

இனிச் சமீப காலத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு இரண்டு தடவை வந்து தங்கிற்று. டில்லி திடுக்குற்றது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐந்தே நாட்களில் நடந்தவை, ஒரு நாடகத்தின் காட்சிகள் போல அடுக்கி வைத்தாற் போன்றவை. 11ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வெசாக் விழாவுக்காகக் கொழும்பு வந்திறங்கினார். அன்றுதான், இன்னொரு சீன நீர்மூழ்கிக்கு அம்மாதம் இடமளிக்க இலங்கை மறுத்துவிட்டது என்ற செய்தி வெளியாயிற்று. 12ஆந் திகதி மோடி மலைநாட்டுக்கு வந்து டிக்கோயா வைத்தியசாலையைத் திறந்தார். நோர்வூட் மைதானத்தில் திரண்ட பெருங் கூட்டத்தின் முன் பேசினார். ஏற்கெனவே கட்டப்பட்டுவரும் 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். 14ஆந் திகதி பீஜிங் நகரில் சீனாவின் ‘ஒரு பட்டி, ஒரு பாதை’ மாநாடு தொடங்கியது. இந்தியா போகவில்லை. இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க போனார். ஜூலை மாதத்தில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 112 கோடி டொலருக்கு, 99 வருடக் குத்தகையில், சீனக் கம்பனி ஒன்றின் கைக்குச் சென்றது.

கொழுந்து பறிக்கும் மக்கள் மைதானத்தில் நின்று கைதட்டிய அந்நாளில், இத்தனை கயிறுகள் திரைக்குப் பின்னே இழுபட்டுக்கொண்டிருந்தன. வீடு வேண்டாம் என்று எவர் சொல்வார்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய குடும்பத்துக்கு, 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்பது அரண்மனையே. 2018 ஆகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் ‘மகாத்மா காந்திபுரம்’ என்ற பெயரோடு 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆயினும் நோர்வூட்டில் சொன்ன அந்த 10,000 வீடுகளின் வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியிலே. இடையில் வீடொன்றின் செலவு உயர்ந்து, 2023இல் அதற்கான இந்திய ஒதுக்கீடு 28 இலட்சம் ரூபாவாக்கப்பட்டது. அதே வருடம், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 75 கோடி இந்திய ரூபா தருவதாகவும் இந்தியா அறிவித்தது.

1964ஆம் ஆண்டில் சீனாவின் நிழல் விழுந்தபோது, இம்மக்கள் இந்தியாவுக்கு ஒரு பாரமாகத் தோன்றினர். இலங்கையின் நட்புக்காக அந்தப் பாரத்தை இந்தியா தோளேற்றியது. 2017ஆம் ஆண்டில் அதே நிழல் விழுந்தபோது, அவர்கள் இந்தியாவுக்கு இத்தீவிலே உள்ள உறவுப் பாலமாகத் தோன்றினர். மக்கள் மாறவில்லை, மலையும் மாறவில்லை. இவ்வித்தியாசத்தை இளைஞர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டுகிறோம்.

எல்லாவற்றையும் போட்டி என்ற ஒரே தராசில் நிறுப்பதும் நியாயமன்று. 2022ஆம் ஆண்டில் இலங்கை கையில் டொலரின்றித் தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. முதலில் தமிழருக்கென்றே எண்ணப்பட்ட அந்த உதவி, இங்குள்ள தமிழ்த் தலைவர்களின் வேண்டுகோளின்பேரில் எல்லா மக்களுக்கும் என்று ஆயிற்று. இதில் அரசியலும் இருக்கலாம். அக்கரையில் அடுப்பெரியவில்லை என்று கேட்டுப் பதைத்த உள்ளமும் நிச்சயம் இருந்தது.

கப்பலில் வந்த பசளை

தேயிலைச் செடிகூட இப்போட்டிக்குத் தப்பவில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. சேதனப் பசளை கொண்டுவரச் சீனக் கம்பனி ஒன்றோடு ஏற்பாடாயிற்று. கப்பல் வந்தது, ஆனால் மாதிரியில் தீங்கு பயக்கும் நுண்ணுயிர்கள் உள்ளன என்று இலங்கை அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். பணம் தராத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கப்பல் கடலிலே அலைந்துகொண்டிருக்க, நவம்பர் மாதத்தில் இந்திய விமானப்படை விமானங்கள் நனோ நைதரசன் திரவப் பசளையோடு கட்டுநாயக்காவில் இறங்கின. ஏற்காத பசளைக்கு 2022 ஜனவரியில் இலங்கை பணம் செலுத்திற்று.

தேயிலைக்கு நேர்ந்தது என்ன? 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த விளைச்சல் மறு வருடம் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. இதனைப் பொருளாதார நிபுணர் புள்ளியாக எழுதுவர். மலையில் அதற்குப் பெயர் வேறு. செடியில் கொழுந்தில்லாவிட்டால் குறித்த கிலோ நிறை சேராது. நிறை சேராவிட்டால் அன்று ‘அரைப்பேர்’. பாதிச் சம்பளம் என்பதே அதன் பொருள்.

இவ்வாறே 2017 டிசெம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடை செய்தது. இலங்கை, தான் கட்டுப்படுத்த எண்ணியிருந்த ரஷ்ய அஸ்பெஸ்ரஸ் விஷயத்தில் இறங்கிவந்தது. தடை பறந்தது! அமெரிக்கத் தடையால் டொலரில் கொடுக்க முடியாதிருந்த ஈரானிய எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே தீர்ப்பதென்று 2021 டிசெம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. கூடையில் விழும் கொழுந்து எந்த நாட்டுக் கடனுக்குப் போகிறது என்பது பறிப்பவளுக்குத் தெரியாது.

சீருடை காய்ந்த வீட்டின் இஸ்தோப்பில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். வயது எழுபதை எட்டும். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் உள்ளே சென்று ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். மேலே மகன் பேருக்கு வந்த வீட்டுக் கடிதங்கள். அதன் கீழே இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம். எல்லாவற்றுக்கும் அடியில், மூலை மடிந்த ஓர் இந்தியக் கடவுச்சீட்டு.

“இதை ஏன் அம்மா இன்னும் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

“அண்ணன் முன்னால போயிட்டாரு தம்பி, கோத்தகிரிக்கு. பின்னால நாங்க போறதா இருந்துச்சு. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. கப்பல் நின்னு போச்சு.”

“அண்ணன் சௌக்கியமா?”

“அவரு செத்து ஆறு வருசம். போன்லதான் சேதி வந்துச்சு.”

இந்தியா வீடு தந்ததையும் சீனா துணி தந்ததையும் பற்றி அவர் கருத்து யாது என்று அறிய ஆவல் கொண்டு, நாம் சற்றே சுற்றி வளைத்துக் கேட்டோம். அவருக்கு அக்கேள்வி அவ்வளவு சுவைபடவில்லை. கயிற்றிலிருந்த சட்டைகளைத் தொட்டுப் பார்த்து, காய்ந்தவற்றை எடுத்துத் தோளிலே போட்டுக்கொண்டார். பின்னர் பெட்டியிலிருந்த கடிதங்களுள் ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

“நீங்க படிச்சவங்க. இதுல பாத்துச் சொல்லுங்க தம்பி. வீடு கட்டிக் குடுத்துட்டாங்க. காணி உறுதி எப்ப தருவாங்கன்னு இதுல போட்டிருக்கா?”

நாம் இருமுறை படித்தோம். அதில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.